உறுதிக் கண்ணாடி

லேசர் வைத்துக்கொள்ள இனி வயது வரம்பு கிடையாது என்று அரசாங்கம் அறிவித்த ஆண்டில் எனக்கு நாற்பத்துநான்கு வயது. செய்தியைக் கேட்டு எங்கள் ஊர் டீக்கடையில் அதிகமாகச் சிரித்தவன் நான்தான். "இனி பால்வாடிப் புள்ளையும் ஒண்ணு வாங்கி இடுப்புல சொருகிக்கலாமாக்கும்" என்றேன். வயதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பது, பழைய உரிமத்தைத் தூக்கிக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

எங்கள் பக்கம், ஆனைமலை அடிவாரத்தில், தென்னை ஏற ஆள் கிடையாது. பத்து வருடமாக லேசர்தான். தோள் உயரக் கழி ஒன்று, அதன் தலையில் செங்கல் அளவு பெட்டி. கீழே நின்றபடி குலைக் காம்பைக் குறிபார்த்து அழுத்தினால் நான்கு நொடியில் காம்பு கருகி அறுந்து குலை விழும். அதே ஒளி ஒரு கண்ணில் பட்டால் நான்கு நொடி தேவையில்லை. இமைப்பதற்குள் முடிந்துவிடும், போன பார்வை திரும்பாது.

அலுவலகத்தில் இருந்த பெண்ணுக்கு இருபத்துநான்கு வயதுகூட இருக்காது. மேஜை மேல் ரெஹானா என்று பெயர்ப் பலகை.

"பாப்பா, ஆபீசரக் கூப்புடு" என்றேன்.

"நான்தான் சார் ஆபீசர். உக்காருங்க. உறுதியாளர் யாரு?"

"அப்படின்னா?"

அவள் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து வைத்தாள். பார்க்கச் சாதாரணமாக இருந்தது. காது பிடிக்கும் தண்டு மட்டும் கொஞ்சம் தடிமன்.

"உங்க மெஷின்ல சின்னதா ஒரு கேமரா இருக்கும். நீங்க அழுத்தும்போது, ஒளி போற பாதைக்கு இருபது அடிக்குள்ள மூடாத கண்ணு ஏதாச்சும் இருந்தா அது குறிச்சுக்கும். குறிச்ச உடனே இந்தக் கண்ணாடி கறுப்பாயிரும். ஒரு மணி நேரத்துக்கு."

"நான் தப்பா அழுத்துனா என் கண்ணாடி கறுக்கும். அவ்வளவுதான?"

"உங்க கண்ணாடி இல்ல சார். உங்களுக்காக உறுதி குடுக்கறவங்க போட்டிருக்கற கண்ணாடி. அவங்க போட்டிருந்தாத்தான் உங்க மெஷின் ஓடும். கறுக்கறதுக்குப் பத்து நொடி முன்னால காதுல சொல்லும். அவங்க எங்கயாச்சும் உக்காந்துக்கணும்."

"கழட்டி வெச்சுட்டா?"

"தாராளமாக் கழட்டலாம். ஆனா கறுத்திருக்கும்போது கழட்டினா உங்க மெஷின் மூணு மாசம் பூட்டிக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. "மிசினையே தானா நிக்கற மாதிரி பண்ண வேண்டீதுதானுங்க?"

"பண்ணாங்க. ஒரே மாசத்துல செல்போன் கடைல குடுத்து எல்லாரும் அதை எடுத்துட்டீங்க. கேமரா மேல பிளாஸ்திரி ஒட்டினீங்க. இப்பவும் ஒட்டலாம். ஒட்டினா கண்ணாடி கறுத்துரும்." அவள் என் பழைய உரிமத்தைப் புரட்டினாள். "மெஷினை ஏமாத்தலாம் சார். வீட்டு ஆளை எத்தன நாளைக்கு ஏமாத்துவீங்க?"

"எனக்கு நாப்பத்துநாலு வயசாச்சுங் அம்முணி. இதெல்லாம் சின்னப் பசங்களுக்கு வெச்சுக்கங்க."

"அப்படித்தான் நெனச்சு முன்னால இருபத்தஞ்சு வயசுன்னு வெச்சாங்க. அஞ்சு வருஷத்துக் கேஸை எடுத்துப் பாத்தா, முக்கால்வாசி நாப்பது தாண்டினவங்க. சின்னப் பசங்க பயந்து பயந்து அழுத்துறாங்க. நீங்க எல்லாம் தெரியும்னு அழுத்துறீங்க."

அவள் சொன்னது எனக்கும் பொருந்தும். ஏனென்றால் எங்கள் ஊர் மாரப்பண்ணன் வீட்டு மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியில், பந்தயத்துக்காக அறுபது அடியிலிருந்து ஓட்டை போட்டவன் நான்தான். அப்போது எனக்கு முப்பத்தெட்டு.

உறுதி கொடுக்க யாரும் வரவில்லை. என் மனைவி தாரணி ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "உங்களுக்கு சோறு போடறேன். கண்ணு போட மாட்டேன்." கூட்டாளிகள் கைபேசியை எடுக்கவே இல்லை. தோப்பில் குலைகள் முற்றிக்கொண்டிருந்தன. காய்ந்த நெற்றுத் தேங்காய் எந்நேரம் யார் தலையில் விழும் என்று தெரியாமல் ஆட்கள் உள்ளே வரப் பயந்தார்கள்.

கடைசியில் என் தங்கை சௌமியா கேட்டாள். "ஏண்ணா, என்னைய ஏன் கேக்கல?"

கேட்காததற்குக் காரணம் இருந்தது. அவள் வீட்டு முன்னறையில் ரவிக்கை தைப்பவள். காலை முதல் மாலை வரை ஊசியும் கண்ணும்தான் அவளுக்கு. அவள் கணவர் திருப்பூரில் வேலை. வாரம் ஒருமுறைதான் வருவார்.

"உன்ற வேலைக்குத் தொந்தரவு சாமி" என்றேன். செல்லமாக அவளைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவேன்.

"நீ ஒழுங்கா அழுத்துனா எனக்கு என்ன தொந்தரவு?" என்று கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, நிலைக்கண்ணாடி முன்னால் நின்று பார்த்தாள். "டீச்சராட்ட இருக்கறனா?"

அவள் மகள் இதழினி, "ஹெட்மாஸ்டராட்ட இருக்கம்மா" என்றாள்.

அப்படித் தொடங்கியது. காலையில் தோப்புக்குப் போனதும் 'போட்டுக்கோ' என்று செய்தி அனுப்புவேன். கொஞ்ச நேரத்தில் மிசினில் பச்சை விளக்கு எரியும். எங்கோ மூன்று கிலோமீட்டர் தள்ளி என் தங்கை கண்ணாடி போட்டுவிட்டாள் என்று அர்த்தம்.

தவறு நடந்தால் எனக்கு எந்தத் தகவலும் வராது. அதை மட்டும் வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார்கள். மிசின் சத்தம் போட்டால் மனிதன் மிசினைத் திட்டுவான். இருட்டில் உட்கார்ந்தவரே வந்து அவனைத் திட்டட்டும் என்பது அவர்கள் கணக்கு. சௌமியா ஒருநாளும் திட்டவில்லை. ஆகவே என் கை சுத்தம் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஒன்று மட்டும் புதிதாக இருந்தது. அவள் பகலில் கூப்பிட ஆரம்பித்தாள்.

"அண்ணா, சாப்புட்டியா?"

"சொல்லு சாமி. மணி பதனொண்ணு. இப்பத் திங்கறதுக்கு நானென்ன எருமையா?"

"சும்மாதான் கேட்டேன். யாருக்கும் ஒண்ணும் இல்லையே? எல்லாரும் நல்லா இருக்கறாங்களா?"

"இருக்கறாங்க. என்ன?"

"ஒண்ணுமில்ல. பேசு."

அப்புறம் அரை மணி, முக்கால் மணி நேரம் பேசுவாள். சின்ன வயதில் நான் அவளை வாய்க்காலில் தள்ளிவிட்டது, பக்கத்து வீட்டுக் கோழி, இதழினியின் கணக்குப் பாடம். நான் ஒரு கையில் மிசினைப் பிடித்துக்கொண்டு 'உம்' கொட்டுவேன். என் ஆட்கள் சிரிப்பார்கள். சில நாளில் மூன்று முறை வரும் அழைப்பு. சில வாரம் ஒன்றும் இருக்காது. ஒருநாள் கோயமுத்தூர் லாரி காத்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள். "வேலை நேரத்துல சும்மாச் சும்மா கூப்புடாத" என்று துண்டித்துவிட்டேன். அன்று அவள் திரும்பக் கூப்பிடவில்லை.

ஐந்தாம் மாதம் இதழினிக்கு வள்ளி கும்மி அரங்கேற்றம் வந்தது. எங்கள் பக்கத்தில் இது கல்யாணத்துக்குச் சமம். எட்டு மாதம் பழகி, ஐம்பது பெண்கள் ஒரே நிறச் சேலையில் பள்ளி மைதானத்தில் இறங்குவார்கள். ஒவ்வொருத்தியின் தாய்மாமனும் சீர்த்தட்டோடு வந்து நிற்பான். போன அரங்கேற்றத்தில் ஒரு தாய்மாமன் செண்டை மேளம் கொண்டுவந்தான். இன்னொருவன் ட்ரோனில் மாலை இறக்கினான். நான் சும்மா இருக்க முடியுமா?

மைதானத்து ஓரத்தில் எதிரெதிராக இரண்டு தென்னைகள் உண்டு. இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டி, செவ்வந்தியும் ரோஜா இதழும் நிறைத்த பெரிய வலையைத் தொங்கவிட்டேன். பெண்கள் ஆடத் தொடங்கும் அந்த நொடியில் கீழேயிருந்து லேசரால் கயிற்றை அறுப்பேன். வானத்திலிருந்து பூ கொட்டும்.

"சௌமி, அஞ்சரைக்குக் கண்ணாடியப் போட்டுக்கோ" என்றேன்.

அவள் சீருக்கு வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. "இன்னைக்குமாண்ணா?"

"மேல பாத்துத்தான அடிக்கறேன். மேல யாரு கண்ணு இருக்குது? காக்காயா?"

அவள் கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

ஆசிரியர் முதல் பாட்டை எடுத்தார். தவில் முழங்கியது. ஐம்பது ஜோடிக் கைகள் ஒன்றாகத் தட்டின. நான் ஒலிபெருக்கியை வாங்கி, "எல்லாரும் மேல பாருங்க!" என்று கத்திவிட்டு அழுத்தினேன். கயிறு புகைந்தது. வலை பிரிந்தது. மாலை வெயிலில் மஞ்சளும் சிவப்புமாகப் பூ இறங்கியபோது மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. என் வாழ்நாளில் அவ்வளவு கைதட்டல் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆட்டம் முடிந்து ஓடிவந்த இதழினி, "அம்மா, ரெண்டாவது பாட்டுல நான் முன்னால வந்தனே, பாத்தியா?" என்று கேட்டாள்.

"உன்ற சலங்கைச் சத்தம் தனியாக் கேட்டுச்சு கண்ணு" என்றாள் சௌமியா. என்னிடம் திரும்பி, "பூ மடியெல்லாம் விழுந்துச்சுண்ணா. நல்லா ஜில்லுன்னு இருந்துச்சு" என்றாள்.

மறுநாள் காலை, மீந்த லட்டை ஒரு தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அவளே தோப்புக்கு வந்தாள். வந்ததும் வாளியை என் கையில் கொடுத்தாள்.

"அண்ணா, எனக்கு ஒண்ணு செய்வியா? மிசின எடுக்கறப்பவெல்லாம், அழுத்தறதுக்கு முன்னால ஒருக்கா முழுசா ஒரு சுத்து சுத்திப் பாத்துரு. கோயல்ல நம்மளையே சுத்திக்குவமல்ல, அந்த மாதிரி."

"எதுக்கு?"

"எனக்காக."

தங்கை கேட்கிறாள், லட்டு வேறு கையில் இருக்கிறது. சரி என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு மரத்தடியிலும் நின்ற இடத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றினேன். "அண்ணன் தென்னமரத்துக்குக் கும்புடு போடறாரு" என்று ஆட்கள் கிண்டல் செய்தார்கள். சுற்றும்போதுதான் பலவும் கண்ணில் பட்டன. வரப்பில் குந்தியிருந்த மயில். ஓலைக் குவியலுக்குப் பின்னால் ஆட்டை அவிழ்க்க வந்த பெண். பம்ப்செட் கூரை மேல் பூனை. பார்த்தால் காத்திருப்பேன். அவை நகர்ந்த பிறகு அழுத்துவேன். நாளடைவில் அது பழக்கமாகிவிட்டது.

அதோடு சௌமியாவின் பகல் அழைப்புகளும் நின்றுபோயின. வீட்டுக்குப் போனால் நன்றாகத்தான் பேசுவாள். ஆனால் பதினொரு மணிக்கு 'சாப்புட்டியா' என்று கேட்கும் குரல் இல்லை. "தங்கச்சிக்கு நம்ம நெனப்பே இல்ல" என்று தாரணியிடம் இரண்டு மூன்று முறை குறைபட்டுக்கொண்டேன். அன்று துண்டித்ததை மனதில் வைத்திருக்கிறாள் என்றும் நினைத்தேன்.

வருடம் முடிந்தது. புதுப்பிக்க இருவரும் போக வேண்டும். நான் இன்னொரு விண்ணப்பமும் எழுதிக்கொண்டு போனேன்: இதைவிட மூன்று மடங்கு வலுவான, மலைத் தோப்புகளுக்கான பெரிய மிசின். ஒரு குற்றமும் இல்லாதவனுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

ரெஹானா பதிவேட்டைத் திறந்தாள். "விதிப்படி இதை ரெண்டு பேர் முன்னாலயும் வாசிக்கணும்."

"அதெல்லாம் எதுக்குங்க மேடம்" என்று சௌமியா அவசரமாகச் சொன்னாள். "கையெழுத்துப் போடற எடத்தக் காட்டுங்க, போட்டுட்டுப் போறோம். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"வாசிச்சாகணும்மா." அவள் நிமிர்ந்து என் தங்கையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வாசித்தாள். "இருபத்துமூணு தடவை."

"எது இருபத்துமூணு?" என்றேன்.

"கண்ணாடி கறுத்தது. இருபத்துமூணு மணி நேரம். எல்லாமே முதல் அஞ்சு மாசத்துல. பதினேழு மயில், நாலு ஆடு, ஒரு ஆள். மயிலுக்கும் கண்ணுதானே சார்." அடுத்த வரியில் அவள் விரல் நின்றது. "கடைசி ஒண்ணு மட்டும் பெருசு. சாயந்திரம் அஞ்சு முப்பத்தெட்டு. முந்நூத்திப் பத்து கண்ணு. எல்லாம் மேல பாத்துக்கிட்டு. என்ன சார் பண்ணினீங்க? யாருக்கும் ஒண்ணும் ஆகாதது உங்க அதிர்ஷ்டம்."

நான் சௌமியாவைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதற்கு என்று தெரியாமலே கைபேசியை எடுத்தேன். பழைய அழைப்புகளைத் தேடினேன். ரெஹானா பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள். முதல் வரி, காலை பதினொன்று ஐந்து. என் கைபேசியில் சௌமியா, பதினொன்று எட்டு. இரண்டாவது வரி, பிற்பகல் இரண்டு பத்து. சௌமியா, இரண்டு பன்னிரண்டு. ஒவ்வொரு வரிக்கும் ஓர் அழைப்பு இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் அழைப்பின் நீளம் ஒன்பது நொடி. லாரி வந்த நாள். மிச்ச நேரத்தை அவள் தனியாக இருட்டில் உட்கார்ந்து கழித்திருக்கிறாள்.

இருபத்திரண்டு வரிக்கு இருபத்திரண்டு அழைப்பு. அரங்கேற்றத்துக்கு அழைப்பு இல்லை. அப்போது நான் அவளுக்குப் பத்தடி தள்ளி நின்று கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வீடியோ என்னிடம் இருந்தது. நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன், பூ விழும் இடத்தை மட்டும். இப்போது முன்வரிசையைப் பார்த்தேன். எல்லா முகமும் ஆடும் பெண்கள் பக்கம் திரும்பியிருந்தது. சௌமியா மட்டும் நேராக, ஒன்றுமில்லாத ஒரு திசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி கறுப்பாக இருந்தது. இதழினி முன்னால் வந்து ஆடியபோது அவள் தலையை லேசாகச் சாய்த்து, காதை அந்தப் பக்கம் கொடுத்திருந்தாள்.

"கழட்டியிருக்கலாமல்ல" என்றேன். "உன்ற புள்ள ஆடறா. கழட்டி எறிஞ்சிருக்கலாமல்ல சௌமி."

"எறிஞ்சா மூணு மாசம் பூட்டிக்கும். வெட்டுக் காலம் வேற. அப்புறம் வீடியோவுலதான் பாத்துட்டனே."

"மொத நாளே திட்டியிருக்கலாம்."

"திட்டத்தாண்ணா கூப்புட்டேன்." அவள் இப்போது என்னைப் பார்த்தாள். "கண்ணு இருட்டுன உடனே பயமாயிருச்சு. யாரு கண்ணப் போக்குனியோன்னு. கூப்புட்டா நீ 'சொல்லு சாமி'ன்னு எடுத்த. அதுக்கு மேல எங்கபோய்த் திட்டறது? யாருக்கும் ஒண்ணுமில்லன்ன. அப்புறம் இருட்டுல உன்ற கொரலு நல்லாருந்துச்சு. பேசீட்டே இருந்துட்டேன்."

ரெஹானா பேனாவை மூடிக்கொண்டும் திறந்துகொண்டும் இருந்தாள். "இந்த மாவட்டத்துல போன வருஷம் நாப்பது பேர் கண்ணாடியக் கழட்டிப் போட்டிருக்காங்க சார். பொண்டாட்டி, அப்பா, மகன்னு எல்லாரும். மூணாவது தடவையத் தாண்டினவங்க யாருமில்ல. சட்டம் எழுதினவங்க, உறுதி குடுத்தவங்க திட்டுவாங்கன்னு நெனச்சுத்தான் எழுதினாங்க." பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "ஆனா பாருங்க, ஏழு மாசமா உங்க பேர்ல ஒரு வரிகூட இல்ல. அப்படியும் வேற யாரும் இல்ல. என்ன செஞ்சீங்க?"

நான் செய்தது எதுவுமில்லை. நின்ற இடத்தில் ஒரு சுற்று சுற்றினேன். அதையும் லட்டுக்காகத்தான் செய்தேன்.

"மிசின வெச்சர்றேனுங் மேடம்" என்றேன். "எனக்கு வேண்டாம்."

"வெப்ப, வெப்ப" என்றாள் சௌமியா. "இருபத்துமூணு மணி நேரம் நான் இருட்டுல உக்காந்து படிக்க வெச்சிருக்கறேன். பாஸானப்புறம் பள்ளிக்கூடத்த விட்டு நிக்கறானாமா." ரெஹானாவிடம் கையை நீட்டினாள். "பேனாவக் குடுங்க மேடம்."

ரெஹானா என்னைப் பார்த்தாள். நான் பெரிய மிசினுக்கான விண்ணப்பத்தை எடுத்து, இரண்டாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "பழசே போதும் மேடம். அதுக்கே எனக்கு இன்னும் வயசு வந்துட்டு இருக்குது."

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். சௌமியா கையெழுத்துப் போட்டாள்.

பேருந்தில் அவளுக்கு ஜன்னல் இருக்கையைக் கொடுத்தேன். நன்றி என்று சொல்ல வேண்டும் என்று ஊர் வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தேன். எங்கள் வீட்டில் அண்ணன் தங்கைக்குள் அந்தச் சொல்லைப் புழங்கியதில்லை. இறங்கும்போது, "அன்னைக்கு லாரி வந்த நாள்..." என்றேன்.

"எந்த லாரி?" என்று கேட்டுவிட்டு அவள் இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் பதினொரு மணி. ஏழாவது மரம். 'போட்டுக்கோ' என்று அனுப்பி, பச்சை விளக்கு எரிந்து, ஆறு மரம் முடிந்திருந்தது. மிசினை ஊன்றி ஒரு சுற்று சுற்றினேன். பாத்தியில் ஒரு பெண்மயில் நான்கு குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல் ஒவ்வொரு புழுவாகத் தேடியது. நான் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். கடைசிக் குஞ்சும் வேலியைத் தாண்டியது. இன்னொரு முறை சுற்றிப் பார்த்தேன். யாருமில்லை. அழுத்தினேன். குலை விழுந்தது.

கைபேசி அடித்தது. சௌமியா.

நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். மரத்துக்கு மேலே, கிணற்று மேட்டில், வேலிக்கு அப்பால். எந்தக் கண்ணை விட்டேன்?

"சௌமி! இருட்டாயிருச்சா? எங்க உக்காந்திருக்க? நான் நல்லாத்தான பாத்தேன்..."

அந்தப் பக்கம் தையல் மிசின் ஓடும் சத்தம் கேட்டது. அவள் துணியைத் திருப்பி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லண்ணா, வெளிச்சமாத்தான் இருக்குது" என்றாள். "சும்மாதான். சாப்புட்டியா?"